மேல் இன்லெட், கீழ் அவுட்லெட்

இருபத்திரண்டு வருஷம் உப்பு லாரிகளின் ரேடியேட்டர்களைக் கழற்றி மாட்டியவன் நான். மரக்காணத்தில் ஈ.சி.ஆர். ஓரமாக ஷெட். இந்த ஊர்க் காற்றுக்கு ரேடியேட்டர் தகடுகள் பொடிப்பொடியாக உதிரும், அதனால் வேலைக்குப் பஞ்சமே இருந்ததில்லை. கிளியனூர், திண்டிவனம் பக்கமிருந்தெல்லாம் வண்டி வரும். "மாணிக்கம் கை வெச்சா ஒழுகாது" என்று டிரைவர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்ல மறந்த நாளில் நானே சொல்லிக்கொள்வேன்.

எத்தனையோ லாரி பார்த்திருக்கிறேன். ஆனால் புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒரு கம்ப்யூட்டரைப் பற்றித்தான்.

1. படத்தோடு வந்த ரெஜினா

2005 கோடை. பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் கல்யாண வீடியோ எடிட்டிங்கும் டி.டி.பி.யும் செய்து வந்த ரெஜினா ஷெட்டுக்கு வந்தாள். கையில் ஏதோ பத்திரிகையிலிருந்து கிழித்த படம். ஒரு கம்ப்யூட்டர் டப்பா, அதற்குள் பச்சை டியூப், பக்கத்தில் கையகல ரேடியேட்டர்.

"அண்ணே, இத மாதிரி ஒண்ணு செஞ்சு தர முடியுமா?"

"இன்னாம்மா இது, கம்ப்யூட்டருக்குத் தண்ணி ஊத்துறாங்களா?"

"சிரிக்காதீங்கண்ணே. உள்ள இருக்குற ஃபேன் வெளிக்காத்த இழுத்து மதர்போர்டு மேல அடிக்குது. நம்ம காத்துல இன்னா இருக்குது? உப்புதான். ரெண்டு வருஷத்துல மூணு போர்டு போயிடுச்சு. ஃபேனக் கழட்டினா சூடு ஏறி மிஷின் அதுவா ஆஃப் ஆயிடுது. சூட்டத் தண்ணியில வெளிய கொண்டாந்துட்டா டப்பாவ முடிஞ்ச வரைக்கும் மூடி வெச்சிடலாம்."

கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "இப்ப இருக்குறது நாலாவது போர்டு. இதுவும் போச்சுன்னா கடைய மூடிட்டு சென்னைக்கு சம்பளத்துக்குப் போறேன்."

லாரிக்கு லீக் அடைக்க வந்திருந்த டிரைவர் சேகர் விழுந்து விழுந்து சிரித்தான். "ஏம்பா மாணிக்கம், அடுத்து டிவிக்கு சைலன்சர் வெப்பியா?"

அவன் சிரித்ததாலேயே ஒத்துக்கொண்டேன். என் குணம் அப்படி.

பழைய சாமான்களில் ஒரு வேனின் ஹீட்டர் ரேடியேட்டர் கிடந்தது. நோட்டுப் புத்தகம் அளவு. இரண்டு பைப்பும் ஒரே பக்கம், ஒன்றின் மேல் ஒன்று. ஆசிட் விட்டுக் கழுவி, ஈயம் வைத்து, காற்றடித்துத் தொட்டியில் முக்கிப் பார்த்தேன். ஒரு குமிழி வரவில்லை.

"எந்த பைப்புல உள்ள உடணும்ணே?" என்று ரெஜினா கேட்டாள்.

"மேல இன்லெட், கீழ அவுட்லெட். சூட்டுத் தண்ணி மேல வந்து, ஆறி, கீழ எறங்கணும். எல்லா வண்டிக்கும் அதாம்மா."

"படத்துல வேற மாதிரி இருக்குது."

"படம் போட்டவன் ஒரு ரேடியேட்டராவது கழுவியிருக்கானா?"

அவள் படத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

2. எழுபத்தொன்று

ஞாயிற்றுக்கிழமை, அவள் கோயில் முடிந்து வந்ததும் அவள் கடையில் மாட்டினோம். சூடாகிற சிப் மேல் உட்காரும் செம்புக் கட்டையை அவளே சென்னையிலிருந்து வரவழைத்திருந்தாள். ஒரு பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் மீன் தொட்டி பம்பு. பம்பு தள்ளும் தண்ணீர் செம்புக் கட்டைக்குப் போய், அங்கிருந்து ரேடியேட்டருக்கு வந்து, திரும்ப டப்பாவில் விழும். எங்கள் ஊர் போர் தண்ணீரை ரேடியேட்டரில் விட்டால் இரண்டே மாதத்தில் கல் கட்டும். அதனால் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர்தான் ஊற்றினேன். வேடிக்கை பார்க்க சேகரும் வந்துவிட்டான்.

பொம்மையார்பாளையத்துக் கல்யாண வீடியோ ஒன்று முடிய வேண்டியிருந்தது. எடிட் செய்ததை மிஷின் நிற்காமல் ஆறு மணி நேரம் ஓடிச் சேர்க்க வேண்டுமாம். நடுவில் ஆஃப் ஆனால் முதலிலிருந்து. மாப்பிள்ளை மறுநாள் துபாய் போகிறார், வீடியோவை எடுத்துக்கொண்டுதான் போவேன் என்று சொல்லியிருக்கிறார்.

திரையின் ஓரத்தில் சூட்டின் அளவு டிகிரியில் தெரிந்தது. ரெஜினா வாசித்துக்கொண்டே வந்தாள். ஐம்பத்தெட்டு. அறுபத்தஞ்சு. எழுபத்தொண்ணு. இன்னும் ஏறினால் அதுவாகவே ஆஃப் ஆகிவிடும் என்று மிஷினை நிறுத்தினாள்.

"பம்பு பத்தலம்மா" என்றேன். ஆறவிட்டு மறுபடி போட்டோம். மறுபடி எழுபத்தொன்று. ரேடியேட்டருக்குள் களகளவென்று ஒரு சத்தம். எனக்கும் கேட்டது, கேட்காத மாதிரி நின்றேன்.

ரெஜினா கேசட்டை எடுத்து உறையில் போட்டாள். "பரவால்லண்ணே. நீங்க உங்களால முடிஞ்சதச் செஞ்சீங்க. நான் மாப்பிள்ள வீட்டுக்கு போன் பண்ணிச் சொல்லிடறேன்."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் 'பரவால்ல' என்னைச் சுருக்கென்று குத்தியது.

3. கையை வைத்தேன்

"இரும்மா, போன் பண்ணாத. மிஷின இன்னொரு தரம் போடு."

லாரியில் அடைப்பு எங்கே என்று பார்க்க நாங்கள் செய்வதைச் செய்தேன். உள்ளங்கையை ரேடியேட்டரின் மேல் பதித்து, மேலிருந்து கீழே வரிசை வரிசையாக நகர்த்தினேன். கீழ்ப்பாதி வெதுவெதுப்பு. மேல்பாதி ஜில்லென்று இருந்தது. சூட்டுத் தண்ணீர் நுழைகிற பாதி எப்படி ஜில்லென்று இருக்கும்? அங்கே தண்ணீரே இல்லை, காற்று உட்கார்ந்திருக்கிறது.

லாரியில் ரேடியேட்டரின் உச்சியில் மூடி இருக்கிறது. தண்ணீர் ஊற்றும்போதே காற்று அந்த வழியாகப் போய்விடும், இன்ஜின் பம்பும் முரட்டுப் பம்பு. இந்தக் குட்டி ரேடியேட்டருக்கு மூடி ஏது? மேலே தங்கிய காற்றைக் கீழ் பைப் வழியாக அமுக்கித் தள்ள மீன் தொட்டி பம்புக்குத் தெம்பு ஏது? அதுவரைக்கும் மேல் இன்லெட், கீழ் அவுட்லெட் என்று சொல்லிக்கொண்டே இருந்தேனே தவிர, ஏன் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

அதைச் சேகர் முன்னால் ஒத்துக்கொள்வதுதான் கசந்தது.

"ஏம்மா, நான் சொன்னது தப்பு. கீழ உள்ள உடணும், மேல வெளிய எடுக்கணும். தண்ணி அடியிலேர்ந்து ஏறி வந்தா காத்த முன்னால தள்ளிக்கினு வந்துடும்."

"இன்னாபா, தலகீழாப் பேசுற!" என்றான் சேகர்.

"டேய், வாய மூடிக்கினு அந்த கிளிப்பப் புடி."

ஹோஸை மாற்றினோம். டப்பாவில் குமிழிகள் குபுகுபுவென்று வந்தன. பத்து நிமிஷத்தில் அடங்கின. களகள சத்தம் நின்றது. கையை வைத்தேன். மேலே, நடுவில், கீழே எல்லாம் சூடு. சேகரின் கையைப் பிடித்து இழுத்து வைத்தேன், அவனும் தலையாட்டினான்.

ஐம்பத்துமூன்று. பத்தரை மணிக்கு வீடியோ ஓடத் தொடங்கியது. பன்னிரண்டுக்கும் ஐம்பத்துமூன்று. இரண்டு மணி வெயிலில் ஐம்பத்தைந்து, அதற்கு மேல் ஏறவில்லை. சாப்பிடக்கூட நான் வீட்டுக்குப் போகவில்லை. நாலரை மணிக்குத் திரையில் நூறு என்று வந்தது. ரெஜினா எழுந்து நின்று, "முடிஞ்சிடுச்சுண்ணே" என்றாள். எனக்கு வந்த பெருமையை மறைக்க நான் முயற்சி எதுவும் செய்யவில்லை. அன்றைக்குத் தெருவில் எதிரே வந்தவர்களுக்கெல்லாம் சொன்னேன்.

2006 முடிகிற வரைக்கும் அதே நாலாவது போர்டுதான் ஓடியது. கடையும் மூடவில்லை.

பைப் எது மேலே, எது கீழே என்று கேட்டால் இப்போதெல்லாம் நான் உடனே பதில் சொல்வதில்லை. காற்று எந்த வழியாக வெளியே போகும் என்று முதலில் பார்ப்பேன். உங்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன்.

வேலைக்குக் கூலியாக ரெஜினா என் ஷெட்டு வாசலுக்குப் புது பெயர்ப் போர்டு செய்து கொண்டுவந்தாள். 'லாரி, வேன், டிராக்டர், கம்ப்யூட்டர் ரேடியேட்டர்கள் ரிப்பேர் செய்யப்படும்.' டிரைவர்கள் அதைப் படித்துப் படித்துச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு ஒரு கம்ப்யூட்டர்கூட என் ஷெட்டுக்கு வந்ததில்லை. ஆனாலும் ஷெட்டை மூடுகிற வரை, வருஷா வருஷம் பொங்கலுக்கு அந்த போர்டில் உப்பு அரித்த எழுத்துகளுக்குப் பெயிண்ட் அடித்தேன். கம்ப்யூட்டர் என்ற எழுத்துகளுக்குத்தான் முதலில்.