தட்டிப் பார்த்து வாங்கிய ட்ரே

இன்று பிஸ்கட் சுட ஒரு ட்ரே வாங்கப் பாத்திரக் கடைக்குப் போனேன். பழையது மெல்லிய தகரம். ஓவன் சூட்டில் முறுக்கிக்கொண்டு, மாவையெல்லாம் ஒரே மூலைக்குத் தள்ளிவிட்டது.

கடையில் கனமான அலுமினிய ட்ரே ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நான் கை நீட்டுவதற்குள் வேறொரு கை அதை எடுத்துவிட்டது.

பார்த்தால், என் மகளின் மாமியார்!

"வாங்க சம்பந்தி, நீங்களும் பிஸ்கட்டா?"

"ஆமாங்க. ஒங்க வூட்டு பிஸ்கட்டுதான் நல்லாருக்குதுன்னு பேரன் சொல்லிக்கினே இருக்கான். நானும் ஒரு கை பாத்துடறேன்."

பேரன் கட்சி மாறிவிட்டால் என் கதி என்ன?

சம்பந்தி ட்ரேயை விரலால் தட்டினார். பீங்கான் செய்கிற ஊர்க்காரர்கள் இல்லையா நாங்கள், கோப்பையோ ஜாடியோ, தட்டினால் கணீரென்று கேட்டால்தான் வாங்குவோம். கனமான ட்ரே 'தொப்'பென்றது. பக்கத்திலிருந்த மெல்லிய தகரம் கணீரென்றது.

"கோயில் மணியாட்டம் கேக்குது பாருங்க!"

என் பழைய ட்ரேயும் அப்படித்தான் ஒலித்தது. அதை நான் சொல்லவில்லை.

"ஒங்க காதே காதுங்க சம்பந்தி" என்றேன்.

தகரத்தோடு அவர் கிளம்பினார். கனமானது இப்போது என் அடுப்படியில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பிஸ்கட் சாப்பிட வரச்சொல்லியிருக்கிறார். சிரிக்காமல் மென்று முடிக்க யாருக்காவது வழி தெரியுமா?