அடையாள அட்டைக்கு ஒரு வெள்ளைக்குடை

அந்தக் குடைத் தொழிற்சாலையில் அவரை எல்லாரும் ஸ்டோர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வயதில் மூத்தவர்களுக்கும் அவர் அக்காதான். கம்பி, துணி, கைப்பிடி எது வேண்டுமானாலும் அவரிடம் சீட்டைக் காட்டித்தான் வாங்க வேண்டும். சீட்டில் கையெழுத்து இல்லையென்றால் முதலாளியே வந்து நின்றாலும் ஒரு கம்பி பெயராது.

புது அடையாள அட்டைக்குப் படமெடுக்க வெளியிலிருந்து ஒரு போட்டோக்காரர் வந்தார். நூற்றிருபது பேரையும் ஒருவர் பின் ஒருவராகச் சுவரோரம் நிறுத்தி, முகத்துக்கு நேரே பிளாஷ் அடித்துவிட்டு மதியத்துக்குள் போய்விட்டார். அட்டைகள் வந்து சேர்ந்தபோது ஒவ்வொரு முகமும் கையும் களவுமாகப் பிடிபட்டவர் முகம் போலத் திருதிருவென்று விழித்தது. மேனேஜரின் வழுக்கையில் வெளிச்சம் பட்டுத் தெறித்ததில் புருவத்துக்கு மேலே அவருக்குத் தலை என்று ஒன்று இருந்ததற்கே சாட்சி இல்லை.

மேனேஜர் நேராக ஸ்டோருக்கு வந்தார்.

“விளம்பரத்துக்கு நம்ம குடையெல்லாம் நீங்கதானே படம் எடுக்கறீங்க? அப்படியே மனுஷங்களையும் எடுத்துக் குடுங்களேன்.”

“குடை கண்ணை மூடாது சார்.”

“இவங்களும் மூட மாட்டாங்க. நான் சொல்லி வைக்கிறேன்.”

வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்ட அக்கா, அன்று சாயங்காலமே கேமராவை வீட்டுக்குக் கொண்டுபோனார். ஒத்திகைக்குக் கணவர் அகப்பட்டார். லிப்ட் மெக்கானிக். உட்காரச் சொன்னால் உட்காருவார், ஏன் என்று கேட்க மாட்டார்.

முதலில் டியூப் லைட்டுக்கு நேர் கீழே உட்காரவைத்தார். கண்ணுக்குக் கீழே இரண்டு கரும்பள்ளங்கள் விழுந்தன.

“என்னங்க, மூணு நாளாத் தூங்காத மாதிரி இருக்கீங்க?”

“உன் குறட்டையில எங்க தூங்கறது?”

ஜன்னலோரம் நகர்த்தினார். வெளிச்சம் பட்ட பக்கம் பளிச்சென்றிருந்தது, மறுபக்கம் அடையாளமே தெரியாமல் இருட்டில் போய்விட்டது. “பாதி ஆளைக் காணோமே” என்று மேசை விளக்கைத் தரையில் வைத்துக் கீழிருந்து வெளிச்சம் காட்டினார். அந்த நேரம் பார்த்துக் கல்லூரியிலிருந்து வந்த மகள், கதவைத் திறந்ததும் வீல் என்று கத்தினாள்.

“யாரும்மா இது?”

“உங்கப்பாடி.”

“படத்தை அழிச்சிடும்மா, ப்ளீஸ்.”

மறுநாள் விடுமுறை. மறுபடியும் ஜன்னல், மறுபடியும் கணவர். வெயில் நேராக அடித்ததில் மூக்கின் நிழல் கன்னத்தில் கோடு கிழித்தது. திடீரென்று ஒரு மேகம் வந்து சூரியனை மறைத்தது. கோடு கரைந்தது, சுருக்கமெல்லாம் தணிந்தது, கணவரின் வயதில் பத்து குறைந்தது. அக்கா கேமராவை இறக்கிவிட்டு வாயைப் பிளந்து வானத்தைப் பார்த்தார். மேகம் செய்கிற வேலையை ஒரு துணி செய்யாதா? துணிக்கா பஞ்சம் அவருக்கு!

ஸ்டோரில் ஒரு மூலையை ஒழித்துக் குடைகளை ஒவ்வொன்றாக விளக்குக்கு முன்னால் விரித்துப் பார்த்தார். கறுப்பு வெளிச்சத்தை விழுங்கிவிட்டது. சிவப்பில், சோதனைக்கு நிறுத்திய லாரி டிரைவர் கோபத்தில் கொதிப்பவர் போலத் தெரிந்தார். வெள்ளைக்குடைதான் வழிக்கு வந்தது. விளக்கைக் கண்ணுக்குச் சற்று மேலே, ஒருபக்கமாகச் சாய்த்து வைத்து, முன்னால் வெள்ளைக்குடையைக் கட்டினார். மறுபக்கம் ஒரு தெர்மகோல் அட்டையை நிறுத்தியதும், இருட்டில் கிடந்த கன்னத்துக்கும் வெளிச்சம் திரும்பி வந்தது.

இரண்டு நாள் நடந்தது படப்பிடிப்பு. கணக்கரின் மூக்குக்கண்ணாடியில் விளக்கு தெரிந்தது. விளக்கை இன்னும் உயர்த்தி, அவர் மோவாயைக் கொஞ்சம் தாழ்த்தச் சொன்னதும் கண் கிடைத்தது. மேனேஜரின் தலையில் பவுடரை ஒற்றி எடுத்தார். சிரித்தே அறியாத பேக்கிங் மேஸ்திரியிடம், “இன்னிக்கு உங்களுக்குச் சீட்டு இல்லாமலே சாமான் தரப்போறேன்” என்றார். அவருக்கு வாயெல்லாம் பல். க்ளிக்.

“சாமான் எங்கக்கா?”

“சீட்டு எங்க?”

அட்டைகள் பிரமாதமாக வந்தன. அதுவே வினையாகப் போயிற்று.

திங்கட்கிழமை காலை ஆறு மணி ஷிப்ட். அட்டையும் ஆளும் ஒத்துப்போனால்தான் உள்ளே விட வேண்டும் என்று வாட்ச்மேனுக்குப் புது உத்தரவு. அவர் உத்தரவுக்குக் கட்டுப்பட்ட மனிதர்.

“இது யாரு?” என்றார் மேஸ்திரியிடம்.

“நான்தான்.”

“இது உங்க தம்பி.”

“எனக்குத் தம்பியே கிடையாதுண்ணே!”

அடுத்து வந்த தையல்காரப் பெண்ணுக்கு நிறுத்தப்பட்டதில் கோபமே வரவில்லை. “அவ்வளவு நல்லாவா இருக்கேன்?” என்று கேட்டார். “நீங்க இல்லம்மா, போட்டோ” என்றார் வாட்ச்மேன். வரிசை தெருமுனை வரைக்கும் நீண்டது. கடைசியில் மேனேஜரே வந்தார். வாட்ச்மேன் அட்டையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பணிவாகச் சொன்னார்: “சார், உங்களை எனக்குத் தெரியும். இந்த கார்டுல இருக்கறவரைத்தான் தெரியல.”

மேனேஜர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார். “தப்பா நினைக்காதீங்க. எல்லாரையும் கொஞ்சம் சுமாரா எடுத்துக் குடுத்துடுங்க.”

அக்காவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. “ரெண்டு நாள் கால் கடுக்க நின்னு எடுத்தது சார். சுமாரா எடுக்கவா நின்னேன்?”

விறுவிறுவென்று கேட்டுக்குப் போய் அண்ணாந்து பார்த்தார். வாட்ச்மேன் அட்டை பார்க்கிற இடத்தில், கூரையிலிருந்து ஒரே ஒரு பல்பு உச்சந்தலைக்கு நேரே தொங்கியது. அதன் கீழே நின்றவர்களுக்கெல்லாம் கண் இருந்த இடத்தில் குழி, மூக்குக்குக் கீழே கறுப்பு.

“போட்டோவுல ஒரு குத்தமும் இல்ல. இந்த பல்புக்குக் கீழ நின்னா பச்சைக் குழந்தைகூடக் கொலைகாரன் மாதிரிதான் தெரியும்!”

எலெக்ட்ரீஷியனை வரவழைத்துப் பல்பைப் பக்கவாட்டுக்கு மாற்றினார். வெள்ளைக்குடை ஒன்றுக்குத் தானே சீட்டெழுதி, அங்கேயே மேனேஜரிடம் கையெழுத்து வாங்கி, பல்புக்கு முன்னால் கட்டினார். எதிர்ச்சுவரில் வெள்ளைத் துணி. வாட்ச்மேன் மேஸ்திரியை மறுபடியும் பார்த்தார்.

“அட, நீங்கதானா!”

வரிசை நகர்ந்தது. ஆனால் அன்றிலிருந்து கேட்டில் வேறொரு தொல்லை. அந்த வெளிச்சத்தைக் கண்டதும் ஆளாளுக்குப் போனை எடுத்துத் தலையைச் சரிசெய்துகொண்டு நின்றுவிடுகிறார்கள். “நகருங்க, நகருங்க” என்று கத்தியே வாட்ச்மேனுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

இந்த அமளியில், பழைய அட்டையைக் காட்டியே வந்துபோன அக்காவுக்குப் புது அட்டைக்குப் படமே எடுக்கவில்லை என்பது வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது. விளக்கு, குடை எல்லாம் தானே சரியாக வைத்துவிட்டு உட்கார்ந்தார். பட்டனை மட்டும் அழுத்த வேண்டியது மேனேஜர் பொறுப்பு. அவரோ, உங்களை மறைக்குதே என்று குடையை நகர்த்திவிட்டார். “சார், அதைத் தொடாதீங்க!” என்று அக்கா சீறிய நொடியில் அவர் விரல் அழுந்திவிட்டது. அச்சுக்கு அனுப்ப அதுதான் கடைசி நாள். அதே படம் போயிற்று.

அட்டையில் அக்காவுக்கு வாய் திறந்திருந்தது. ஒரு கண் பாதி மூடியிருந்தது. கேட்டில் வாட்ச்மேன் பார்த்த மாத்திரத்தில், “போங்கக்கா, அச்சு அசல் நீங்களேதான்” என்றார். அக்கா அவரோடு பேச்சை நிறுத்தினார்.

வீட்டுக்கு வந்து அட்டையைச் சோபாவில் வீசியடித்தார். கணவர் அதை எடுத்து நெடுநேரம் பார்த்தார்.

“இதுல ஒரு காப்பி கிடைக்குமா?”

“எதுக்கு? ஊரெல்லாம் காட்டிச் சிரிக்கவா?”

“பர்ஸ்ல வெச்சுக்க. வெளியூர் வேலைக்குப் போனா வீட்டு ஞாபகம் வருதுல்ல. இதைப் பாத்தா சத்தம்கூடக் கேக்குது.”

அக்கா தலையணையைத் தூக்கி எறிந்தார். குறி தப்பவில்லை.