செல்லக்காசும் பித்தளைக் குடமும்

மெர்சி, சாம், "அப்பா, நீ வேலைக்குப் போய் இன்னாதான் பண்ற?" என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம், மீனுக்குத் தண்ணி மாத்துறேன் என்று சொல்லிவிடுவேன். நீங்களும் சிரித்துவிட்டுப் போய்விடுவீர்கள். இந்த முறை கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். எங்கள் லேப் மேடம் சொல்லும் இங்கிலீஷ் வார்த்தைகளைக் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறேன். தப்பிருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

நான் காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியின் மீன் ஆராய்ச்சிக் கூடத்தில் லேப் அட்டெண்டர். பாலாறு கடலில் சேரும் கழிமுகத்தில் ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலந்து, பாதி உப்பாகக் கிடக்கும். அங்கே அருகி வரும் மீன்களைத் தொட்டியில் வைத்துக் குஞ்சு பொரிக்க வைப்போம். பிறகு அவற்றைத் திரும்ப அங்கேயே கொண்டுபோய் விடுவோம்.

அதில் ஒன்று செல்லக்காசு. உள்ளங்கைக்குள் அடங்கும் மஞ்சள் மீன், உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி. ஆற்றில் தண்ணீர் வருவது குறைந்துவிட்டது. முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொள்கிறது. முட்டை வைக்கிற இடத்தையெல்லாம் ஜிலேபி மீன் பிடித்துக்கொண்டது. விலை போகாத மீன் என்பதால் யாரும் கவலைப்படவும் இல்லை. எங்கள் வேன் டிரைவர் குமாரே அதைச் "செல்லாக்காசு" என்றுதான் சொல்வான்.

எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஒருநாள் தொட்டியில் குஞ்சுகள் பெரிய மீன்கள் மேல் போய்ப் போய் மோதிக்கொண்டிருந்தன. சீரகம் அளவுதான் இருக்கும்.

"இன்னா மேடம், பெத்தவங்களையே கடிக்குது?" என்று கேட்டேன்.

"கடிக்கல. அதுங்க தோல் மேல ஊறுற வழவழப்பைத் திங்குது."

"தாய்ப்பால் மாதிரியா?"

"அப்படித்தான் வச்சுக்கோங்களேன். ஆனா இங்க அப்பாவும் குடுக்கும்."

அன்று நான் தொட்டிப் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு டிபன் சாப்பிட்டேன். எங்கள் தொட்டியில் பிறந்த முதல் குடும்பம் அது.

குஞ்சுகள் ஓரளவு தேறியதும் கழிமுகத்தில் விட நாள் குறித்தார்கள். "பிரிச்சு எடுத்துட்டுப் போகக் கூடாது. அப்பா, அம்மா, குஞ்சுங்க எல்லாம் ஒண்ணா போகணும். பிரிஞ்சா குஞ்சு பொழைக்காது" என்று மேடம் கண்டிப்பாகச் சொன்னார். ஒரே பையில் பாதி உப்புத் தண்ணீர், மேலே ஆக்சிஜன், வாயில் ரப்பர் பேண்ட். குமார் வண்டி ஓட்டினான். பை என் மடியில் இருந்தது.

பங்குனி உற்சவம் என்பதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. பெரிய காஞ்சிபுரத்தில் சாமி புறப்பாடு. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. மேளச் சத்தத்தில் ஆண் மீன் மிரண்டு துள்ளியது. அதன் முதுகு முள் பையைக் குத்திவிட்டது. என் பேன்ட் நனைந்த பிறகுதான் தெரிந்தது. விரலை வைத்து அடைத்தால் இன்னொரு ஓட்டையில் ஒழுகுகிறது.

"ஸ்பேர் பை எங்கே?" என்றார் மேடம்.

அது, தண்ணீர் கேன்களோடு, முன்னால் போன இன்னொரு வண்டியில் இருந்தது.

பையை அணைத்துக்கொண்டு பக்கத்துத் தெருவுக்குள் ஓடினேன். பின்னால் மேடம், தண்ணீருக்குள் காற்று ஊதும் பேட்டரி ஏரேட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். தறிச் சத்தம் கேட்ட முதல் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டேன். தறியில் இருந்து எழுந்து வந்த அந்த அம்மாவின் பெயர் விசாலாட்சி என்று பிறகுதான் தெரியும்.

"அக்கா, ஒரு குடம் தண்ணி வேணும்க்கா. மீனு சாவுது."

அவர் உள்ளே ஓடி ஒரு பித்தளைக் குடத்தோடு வந்தார். உற்சவத்துக்குப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்த குடம், தங்கம் மாதிரி மின்னியது.

"ஐயோ, பித்தளை வேணாம்மா!" என்று மேடம் கத்திவிட்டார்.

அந்த அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "ஏம்மா, சாமிக்குத் தண்ணி எடுக்குற குடம்மா இது. வூட்ல இருக்கறதுலயே நல்லது பாத்து எடுத்தாந்தேன்."

"கோச்சுக்காதீங்கம்மா. உப்புத் தண்ணி பட்டா பித்தளையில இருந்து செம்பு கரையும். மீனுக்கு அது விஷம். பிளாஸ்டிக் குடம் இருக்குதா?"

"இருக்குது, கக்கூஸாண்ட."

"கழுவினதா?"

"கழுவினதுதான். இதெல்லாம் நல்லாருக்குது போ. சாமிக்கு பித்தளை, மீனுக்கு பிளாஸ்டிக்கு!" என்று சொல்லிக்கொண்டே கொண்டு வந்தார்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும் என்று கிணற்றிலிருந்து இறைத்தோம். உப்பு எவ்வளவு போடுவது? அளக்கிற கருவியும் அந்த இன்னொரு வண்டியில்தான் இருந்தது. மேடம் கொஞ்சம் யோசித்தார்.

"அம்மா, நீராகாரத்துக்கு உப்பு போடுவீங்க இல்ல? அதே அளவு, கல் உப்பா போடுங்க."

"அப்டி சொல்லு! அது எனக்குத் தெரியும்." விசாலாட்சியம்மா கையாலேயே அள்ளிப் போட்டுக் கலக்கினார். மேடம் ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்துத் தலையாட்டினார். பையில் மிச்சமிருந்த தண்ணீரோடு மீன்களையும் மெதுவாகச் சாய்த்தோம். ஏரேட்டர் குமிழி விட்டது.

பெண் மீன் அடியில் போய் நின்றது. குஞ்சுகள் சிதறிக் கிடந்தன. ஆண் மீன் மட்டும் ஒருக்களித்து மேலே மிதந்தது.

"கையில தாங்கி முன்னால தள்ளிக்கிட்டே இருங்க. செவுள்ல தண்ணி ஓடணும்" என்றார் மேடம்.

குடத்து வாயில் என் கை மணிக்கட்டு வரைதான் போனது. இரண்டு விரலில் அதைத் தாங்கி, முன்னால் தள்ளி, திருப்பி, மறுபடி தள்ளினேன். தெருமுனையில் சாமி நகர்ந்துகொண்டிருந்தது. விசாலாட்சியம்மா பார்க்கப் போகவில்லை. என் பக்கத்தில் குந்திக்கொண்டு, "மூச்சு வுடுதாபா? வுடுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. விரல் மரத்துப் போனது. பிறகு ஏதோ கூசியது. குனிந்து பார்த்தேன். மிதந்துகொண்டிருந்த அந்த மீனின் விலாவில் குஞ்சுகள் வந்து மோத ஆரம்பித்திருந்தன. அதுகளுக்குப் பசி. அப்பன் சாகக் கிடக்கிறான் என்று அதுகளுக்குத் தெரியுமா? ஒன்று மோதியது, இன்னொன்று மோதியது. அது வாலை ஒரு அசை அசைத்தது. என் விரலை விட்டு நழுவி, ஆடி ஆடி, நிமிர்ந்து நின்றது.

"எழுந்துக்கினாண்டா!" என்று விசாலாட்சியம்மா கத்தினார். தெருவில் போனவர்கள் சாமியைச் சொல்கிறார் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

குடத்து வாயில் ஈரத்துணி கட்டிக்கொண்டு கிளம்பினோம். வாலாஜாபாத் தாண்டி, செங்கல்பட்டு தாண்டி, கழிமுகம் போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. ஆற்றுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடத்தில் ஊற்றிப் பழக்கி, ஆழமில்லாத ஓரத்தில் சாய்த்தோம். இரண்டு பெரிய மீன்களும் நடுவில் குஞ்சுக் கூட்டமுமாகப் புல் பக்கம் போயின. குமார் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பார்த்தான். அதற்குப் பிறகு அவன் அதைச் செல்லாக்காசு என்று சொல்லி நான் கேட்டதில்லை.

பிள்ளைகளே, அன்று நான் கற்றுக்கொண்டது இதுதான். நம்மிடம் இருப்பதிலேயே உசத்தியைக் கொடுத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். வாங்கிக்கொள்கிற உயிருக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று முதலில் கேட்க வேண்டும்.

கரையில் ஒரு கொக்கு நின்றிருந்தது. நான் அதைப் பார்ப்பதை மேடம் கவனித்துவிட்டார். "விட்டாச்சு. இனிமே நாம தலையிடக் கூடாது. கொக்குக்கும் பசிக்கும் இல்ல?" என்றார். சரிதான் என்று தலையாட்டினேன். மேடமும் குமாரும் டீ குடிக்கப் போனார்கள். நான் கால் கழுவிவிட்டு வருவதாகச் சொன்னேன்.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, தண்ணீரில் முழங்கால் வரை இறங்கி, அந்தக் கொக்கைப் பார்த்து இரண்டு கையையும் ஓங்கித் தட்டினேன்.