எழுந்தது எங்கடி?

ஞானமேரிக்குத் தொண்டை பெரிசு. நூல் மில்லில் மிஷின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தியே வேலை பார்த்தவள். மில்லை மூடி எத்தனையோ வருஷமாச்சு, குரல் மட்டும் இறங்கவே இல்லை. கருவடிக்குப்பத்தில் அவள் வீட்டு வாசலில் நின்று மீன் விலை பேசினால் தெருக்கோடியில் இருப்பவர்களும் தெரிந்துகொள்வார்கள். புருஷன் சூசைநாதன் போன பிறகும் அந்த வீட்டில் தனியாகத்தான் இருக்கிறாள். எழுபத்தாறு வயசில் தானே சமைத்து, தானே துவைத்து, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மொபெட்டில் போய் வருகிற மனுஷி. பின்னால் உட்கார யாருக்கும் தைரியம் கிடையாது, அது வேற விஷயம்.

அந்த மொபெட் சாவிதான் இப்போது மகன் ஜோசப் ஆனந்தின் சட்டைப் பையில் இருந்தது. எல்லாம் அவன் மகள் மெரின் எடுத்த படத்தால் வந்த வினை.

மெரின் விஸ்காம் படிக்கிறாள். “காலேஜுக்கு ஒரு படம் எடுக்கணும். உன்னப் பத்திதான் ஆயா” என்று லீவு முழுக்க கேமராவோடு ஆயா பின்னாலேயே திரிந்தாள். கிழவிக்குப் பெருமை பிடிபடவில்லை. கட்டாத புதுச் சேலையைக் கட்டிக்கொண்டு நண்டு கழுவினாள் என்றால் பாருங்களேன்!

படத்தை முதலில் பார்த்தவன் ஜோசப் ஆனந்த். மறுநாளே வந்து மொபெட்டைத் தன் ஃபிளாட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டான். “இனிமே வண்டி கிண்டியெல்லாம் வேணாம்மா. வீட்ட வாடகைக்கு விட்டுட்டு எங்ககூட லாஸ்பேட்டைக்கு வந்துடு. கிறிஸ்மஸுக்கு நம்ம சொந்தமெல்லாம் படத்தப் பாக்கட்டும், அவங்களே சொல்லுவாங்க” என்றான்.  அப்படி என்னதான் படத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசலாமென்று இருந்தாள் ஞானமேரி.

கிறிஸ்மஸ் அன்று ஜோசப் ஆனந்தின் ஃபிளாட்டில் பிரியாணி சாப்பிட்ட கையோடு எல்லாரும் டிவி முன்னால் கூடினார்கள். படம் நன்றாகத்தான் ஆரம்பித்தது. தான் சின்ன வயசில் ஆயாவின் மொபெட்டில் முன்னால் நின்றுகொண்டு போனதையும், கோயிலில் ஆயா பாடினால் பாடகர் குழுவே வாயடைத்துப் போவதையும் மெரின் சொல்லச் சொல்ல, கிழவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்புறம் துவைக்கிற இடம் வந்தது. ஈரத்துணி வாளியோடு வருகிறாள், பாசியில் கால் வழுக்குகிறது, தொப்பென்று விழுகிறாள். வயலின் அழுதது. திரை இருட்டானது. பிறகு ஒரு காலி நாற்காலி, எரிகிற மெழுகுவத்தி, ‘ஆயாவின் நினைவுகளுக்கு’ என்று எழுத்து. அவ்வளவுதான் படம்.

யாரோ மூக்கைச் சிந்தினார்கள். “பாவம்” என்று இன்னொரு குரல். ஜோசப் ஆனந்த் டிவி பக்கத்தில் போய் நின்றான். “பாத்தீங்கல்ல? இதுக்கு மேலயும் இவங்கள தனியா வுட சொல்றீங்களா?”

எல்லாத் தலையும் இல்லையென்று ஆடியது.

ஞானமேரிக்கு உச்சி மண்டை வரைக்கும் சூடு ஏறிவிட்டது. குத்துக்கல்லு மாதிரி இங்கே உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்கு மெழுகுவத்தியா?

“மெரினு! நான் வுழுந்தத காட்டுனியே, எழுந்தது எங்கடி?”

மெரின் முகம் செத்துப்போனது. “அது ரொம்ப நேரம் ஓடுது ஆயா. போர் அடிக்கும்னு கட் பண்ணிட்டேன். லாப்டாப்புல இருக்கு.”

“போடு அத.”

“அம்மா, எதுக்கும்மா இப்ப...”

“நீ வாய மூடு. போடுடி!”

போட்டாள். இதில் வயலின் இல்லை. ஈரத்தரையில் ஞானமேரி கிடக்கிறாள். ‘ஆயா!’ என்று மெரின் அலற, கேமரா ஆடுகிறது. ‘கிட்ட வராத! நீயும் வுழுந்து தொலைக்காத’ என்று கிடந்தபடியே கத்துகிறாள். கொஞ்ச நேரம் மூச்சுதான் கேட்கிறது. ‘சேசுவே’ என்று கையை ஊன்றுகிறாள், கை வழுக்கி மறுபடியும் உட்கார்ந்துவிடுகிறாள். திரும்ப ஊன்றுகிறாள். முழங்கால் நடுங்குகிறது.  ஹாலில் ஜோசப் ஆனந்த் தன்னை மறந்து குனிந்து, டிவியை நோக்கி இரண்டு கையையும் நீட்டிவிட்டான்.

“உக்காருடா” என்றாள் ஞானமேரி. “இப்ப எழுந்துடுவேன்.”

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

படத்தில் இருப்பவள் துவைக்கிற கல்லைப் பிடித்து எழுந்தாள். சேலையை இழுத்து விட்டுக்கொண்டாள். சிதறிய துணிகளைப் பொறுக்கி, மறுபடி அலசி, கொடியில் போட்டாள். பிளீச்சிங் பவுடரைக் கொட்டி அந்தப் பாசியைத் தேய்த்துத் தள்ளினாள். ‘இன்னாடி முழிக்கிற? மீன்காரி போறா பாரு, நிக்க சொல்லு’ என்று கேமராவைப் பார்த்துக் கத்தியதோடு முடிந்தது.

இப்போது யாரும் பாவம் என்று சொல்லவில்லை. ஞானமேரி மகனிடம் கையை நீட்டினாள். அவன் கண் கலங்கியிருந்தது.

“மறுபடியும் வுழுந்துட்டா என்னம்மா பண்ணுவ?”

“எழுந்துருப்பேன். முடியாத அன்னிக்கு உன்ன கூப்புடுறேன். என் தொண்ட லாஸ்பேட்டை வரைக்கும் கேக்காதா இன்னா?”

சாவி கைக்கு வந்தது. அவள் படியிறங்கி மொபெட்டைக் கிளப்ப, மெரின் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து பின்னால் ஏறிக்கொண்டாள்.