பனச்சிக்குழியின் பூந்தொட்டிகள்

ஸ்மைலினுக்குக் கொசுப்புழுவைக் கண்டுபிடிக்கிற கண் இருந்தது. மற்றவர்கள் டார்ச் அடித்துக் குனிந்து தேடுகிற இடத்தில் அவள் நின்ற வாக்கிலேயே, "உண்டு" என்று சொல்லிவிடுவாள். அந்தக் கண் அவளுக்கு அண்டியாபீசில் வாய்த்தது. பிளஸ் டூ முடித்த கையோடு அந்த முந்திரி ஆலைக்குப் போய் ஒன்பது வருஷம் பருப்பைத் தரம் பிரித்தவள். ஆலை மூடியபிறகு பேரூராட்சியில் கொசு ஒழிப்புக்குத் தினக்கூலிக்கு ஆள் எடுத்தார்கள். சேர்ந்துகொண்டாள்.

அருமனையிலிருந்து உள்ளே போகிற மினிபஸ் கடைசியாகத் திரும்புகிற ஊர் பனச்சிக்குழி. அங்கே இரண்டு வார்டு அவள் பொறுப்பு. வாரம் ஒருமுறை எல்லா வீட்டுக்கும் போய்த் தொட்டி, டிரம், பழைய டயர் எல்லாம் பார்க்க வேண்டும். புழு இருந்தால் மருந்து ஊற்றி, நோட்டில் குறிக்க வேண்டும். ஊரில் அவளைக் கொசுக்காரி என்றார்கள். அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "கொசுக்காரி வந்தாச்சு, தொட்டி வெள்ளத்தை மூடுங்கடே" என்று சத்தம் கேட்டால் சிரித்துக்கொண்டே படியேறுவாள்.

போன வருஷம் ஜூனில் மழை தொடங்கியதும் டெங்கு பரவியது. ஊருக்கு ஊர் ஆட்கள் படுத்தார்கள். நாகர்கோவிலில் கூட்டம் போட்டு, இனி நோட்டு வேண்டாம், செயலி போதும் என்று முடிவு செய்தார்கள். அதைச் செய்துகொடுத்த கம்பெனியிலிருந்து ஜெஸ்பின் என்ற இளைஞன் பேரூராட்சி அலுவலகத்துக்கு வந்து பாடம் நடத்தினான். புழு இருக்கிற பாத்திரத்தைப் படம் எடுக்க வேண்டும், அது என்ன பாத்திரம் என்று பட்டியலில் தொட வேண்டும். வரைபடத்தில் அந்த இடத்தில் சிவப்புப் புள்ளி விழும். அவ்வளவுதான்.

ஸ்மைலின் பட்டியலைப் பார்த்தாள். தண்ணீர்த்தொட்டி, டிரம், டயர், ஃப்ரிட்ஜ், பூந்தொட்டி, மற்றவை.

"சிரட்டை எங்க, சாரே?"

"எந்தச் சிரட்டை?"

"ரப்பர் மரத்துல பால் எடுக்கக் கட்டி வச்சிருப்பாங்கல்லா, அது. மழைக்குப் பால் வெட்டு நிக்கும்போ அதுலதான் வெள்ளம் நிக்கும். எங்க ஊருல புழு முழுக்க அதுலயாக்கும்."

ஜெஸ்பின் நகரத்துப் பையன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மற்றவையில போடுங்கக்கா" என்றான்.

அப்படியே போட்டாள். நான்காம் நாள் சுகாதார மேற்பார்வையாளர் சஜின் ஃபோனில் கூப்பிட்டார். மற்றவை என்று போட்டது எதுவும் கணக்கில் ஏறவில்லை, மூன்று நாளாக அவள் வேலையே செய்யாதது போலக் காட்டுகிறது என்றார்.

"பின்ன எதுலதான் போட?"

"மரத்துல கெட்டி வச்சது, உள்ள வெள்ளம் நிக்குது... நீ தல்க்காலத்துக்குப் பூந்தொட்டியில போடு. ஒரு வாரத்துல கம்பெனிக்காரன் சரியாக்கிருவான்."

அவளுக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் படத்தில் இருப்பது சிரட்டை என்று கண்ணுள்ள யாருக்கும் தெரியுமே என்று நினைத்தாள். படத்தை யாராவது பார்ப்பார்கள், கேட்பார்கள், சொல்லிவிடலாம்.

யாரும் பார்க்கவில்லை. மூன்று வாரத்தில் பனச்சிக்குழி வரைபடத்தில் மணல்வாரி அம்மை போட்டதுபோல் சிவந்துவிட்டது. நாகர்கோவில் கூட்டத்தில் பெரிய திரையில் அதைப் போட்டுக் காட்டி, மாவட்டத்திலேயே இங்கேதான் ஆயிரத்துக்கு மேல் பூந்தொட்டியில் கொசு வளர்கிறது என்று சொன்னார்களாம். அடுத்த திங்கட்கிழமை ஊருக்குள் வேன் வந்தது. மினிபஸ் திரும்புகிற இடத்தில் பேனர் ஏறியது. "பூந்தொட்டியில் நீர் தேக்கோம், டெங்குவைப் போக்குவோம்" என்று எழுதி, ஓரத்தில் கவுன்சிலர் யேசுரத்தினம் கைகூப்பிக்கொண்டிருந்தார். அதே கம்பெனி பூந்தொட்டியில் போட ஒரு குருணை மருந்தும் தயாரித்திருந்தது. வீட்டுக்கு இரண்டு பொட்டலம் கொடுத்தார்கள்.

வாங்கியவர்கள் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "பூந்தொட்டி இல்லாதவங்க இதை எதுல போட?" என்று ஒருத்தி கேட்டாள். கொடுத்தவர் தன் தாளில் டிக் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார்.

பனச்சிக்குழியில் பூந்தொட்டி என்று இருந்தது ஓய்வுபெற்ற பிரிஜா டீச்சர் வீட்டில்தான். முற்றத்தில் வரிசையாக முப்பது ஆந்தூரியம். வேனோடு வந்தவர்கள் அத்தனையையும் தூக்கி ஏற்றினார்கள். ஸ்மைலின் அந்தத் தெருவில் வேலையாக இருந்தாள். டீச்சர் கேட்டைப் பிடித்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டார்.

"ஸ்மைலின், நீ வாரம் வாரம் வந்து பாக்குதியே. எனக்க தொட்டியில ஒரு புழுவாவது கண்டியா?"

"இல்ல டீச்சர்."

"பின்ன எதுக்குக் கொண்டு போறாங்க?"

தொட்டிகளை ஏற்றச் சொன்னது தன் விரல்தானே என்று அவளுக்குத் தோன்றியது. நேரே சஜினிடம் போனாள்.

"நான் மெயில் போட்டேன், ஸ்மைலின்" என்றார் அவர். "பட்டியல்ல ஒண்ணு சேக்கணும்னா சென்னையில அனுமதி வேணுமாம். இதுக்குள்ள மருந்துக்கு ஆர்டரும் போட்டாச்சு. இப்பப் போயி அது பூந்தொட்டி இல்ல, சிரட்டைன்னு சொன்னா, தப்பாப் போட்டது ஆருன்னு கேப்பாங்க. உனக்க பேரும் எனக்க பேரும்தான் வரும்."

"சார்தானே போடச் சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன்" என்று ஒத்துக்கொண்டார். அதற்குமேல் அவரைக் கோபிக்கவும் அவளால் முடியவில்லை.

கடைசியில் யேசுரத்தினத்தின் வீட்டுக்கே போனாள். ஊரில் பாதி ரப்பர் தோட்டம் அவருடையது. ஸ்மைலினின் கணவன் ஷிபுவும் அவர் தோட்டத்தில்தான் பால் வெட்டுகிறான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீ சொல்லுது உள்ளதுதானா? சிரட்டையிலயா?"

"ஆமா மெம்பரே."

"ஏட்டி, அதை வெளிய சொன்னா தோட்டக்காரன் அத்தனை பேருக்கும் நோட்டீஸ் வரும். அபராதம் போடுவான். தோட்டத்தைப் பூட்டுன்னு சொன்னாலும் சொல்லுவான். எனக்குப் பரவாயில்ல. வெட்டுக்காரன் எங்க போவான்? உனக்க மாப்பிளைக்கு நீ என்ன பதில் சொல்லுவ?"

அதுவும் சரியாகத்தான் பட்டது. சஜின் சொன்னதும் சரியாகத்தான் பட்டிருந்தது. டீச்சர் கேட்டது எல்லாவற்றையும்விடச் சரி. எல்லாரும் சரியாக இருக்கும்போது எங்கே தப்பு நடக்கிறது என்று வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே நடந்தாள்.

அந்த வாரமே ஷிபு படுத்தான். கண்ணுக்குப் பின்னால் வலி, எலும்பெல்லாம் முறிந்ததுபோல வேதனை. ரத்தத்தில் தட்டணுக்கள் சரசரவென்று இறங்க, குழித்துறை ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். கட்சிக்காரர்கள் வந்து நிலவேம்புக் கசாயம் கொடுத்தார்கள். ஷிபு டம்ளரைப் பிடித்ததும் படம் எடுத்தார்கள், சரியாக விழவில்லை என்று மறுபடியும் பிடிக்கச் சொன்னார்கள். பிறகு ஒரு பெண் டேப்லெட்டோடு காய்ச்சல்காரர்களிடம் விவரம் கேட்டு வந்தாள்.

"வீட்டில பூந்தொட்டி இருக்கா?"

"இல்ல."

"பக்கத்து வீட்டில?"

"இல்ல மக்கா. இவரு ரப்பர் வெட்டுக்குப் போறவரு. அதை எழுதிக்கோ."

அந்தப் பெண் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். "அதுக்கு இடம் இல்லையே அக்கா" என்றாள் பாவமாக.

ஆறாம் நாள் தட்டணுக்கள் ஏறத் தொடங்கின. ஷிபு எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டான். ஸ்மைலின் அவனைத் தன் தங்கையிடம் விட்டுவிட்டு ஊருக்கு வந்தாள். பேக்கையும் ஃபோனையும் வீட்டில் வைத்துவிட்டு, வெறுங்கையாக யேசுரத்தினத்தின் ரப்பர் தோட்டத்துக்குள் போனாள். மரம் மரமாகச் சிரட்டையை எடுத்து, தண்ணீரைக் கொட்டி, மரத்தில் கட்டிய கம்பியிலேயே கவிழ்த்து வைத்தாள். அது ஒரு பெரிய வித்தையல்ல. வெட்டு இல்லாத நாளில் கவிழ்த்துவைக்க வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆளும் கூலியும் மிச்சம் என்று விட்டுவிடுவார்கள்.

பத்து மணிக்குக் குடையோடு பிரிஜா டீச்சர் வந்தார். யார் சொல்லி வந்தாரோ. "நான் இந்தப் பக்கம் பாக்குதேன், நீ அந்தப் பக்கம் போ" என்றார். ஸ்மைலின் அவரிடம் பூந்தொட்டி விஷயத்தைச் சொன்னாள். டீச்சர் அடுத்த மூன்று மரத்துச் சிரட்டையையும் கவிழ்த்தார். பிறகு, "படம் எடுத்து அனுப்பியுமா ஒருத்தனும் பாக்கல?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் யேசுரத்தினம் வந்தார். கேட்காமல் தோட்டத்துக்குள் நுழைந்ததற்கு ஏசுவார் என்று ஸ்மைலின் நினைத்தாள். ஏசவில்லை. அவள் ஒரு சிரட்டைத் தண்ணீரை டிபன் மூடியில் ஊற்றி நீட்டினாள். எவர்சில்வர் மூடியில் புழுக்கள் வளைந்து வளைந்து துடித்தன. ஐம்பது வருஷமாக ரப்பர் வைத்திருக்கிற மனிதர் அன்றுதான் முதல்முறை பார்ப்பவர்போல மூடியை முகத்துக்கு அருகே பிடித்துப் பார்த்தார்.

"இதா?"

"இதுதான்."

"கவுத்திப் போடு" என்றார். நாலு அடி போய்த் திரும்பி, "எனக்க பேரைச் சொல்லாண்டாம்" என்றார். மறுநாள் அவருடைய ஆட்கள் மற்றத் தோட்டங்களிலும் இறங்கியிருந்தார்கள்.

ஆகஸ்டில் காய்ச்சல் அடங்கியது. சிரட்டையைக் கவிழ்த்ததாலா, மழை விட்டதாலா, வர வேண்டியவர்களுக்கெல்லாம் வந்து முடிந்ததாலா என்று ஸ்மைலினால் சொல்ல முடியவில்லை. கம்பெனிக்கு அந்தச் சந்தேகம் இல்லை. தன் குருணையால்தான் என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தது. பேனரில் கவுன்சிலருக்கு நன்றி சொன்னார்கள். நாகர்கோவிலில் விழா எடுத்து, மாவட்டத்திலேயே அதிகப் பூந்தொட்டிகளைக் கண்டறிந்த பணியாளர் என்று ஸ்மைலினுக்குச் சான்றிதழ் தந்தார்கள். மேடையில் சொல்லிவிடலாம் என்று பஸ்ஸிலேயே வாக்கியம் கூட்டி வைத்திருந்தாள். மைக் அவள் பக்கம் வரவே இல்லை. கை தட்டினார்கள், இறங்கிவிட்டாள்.

அக்டோபரில் செயலி புதுப்பிக்கப்பட்டது. பட்டியலில் "ரப்பர் சிரட்டை" வந்திருந்தது. தோட்டத்துக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள். எல்லாம் கவிழ்ந்து காய்ந்து கிடந்தன. புழு இல்லை என்றுதான் போட வேண்டியிருந்தது. பழையதைத் திருத்த வழி உண்டா என்று சஜினிடம் கேட்டாள். பழைய கணக்கையெல்லாம் பூட்டியாகிவிட்டது என்றார்.

ஷிபு மெலிந்துபோய், மறுபடி வெட்டுக்குப் போகத் தொடங்கியிருந்தான். ஒரு மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"நான் செய்தது சரியா, தப்பா?"

"எதை கேக்குத?"

எதை என்று அவளுக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. "ஒண்ணும் இல்ல, சாப்பிடுங்க" என்று மீன்குழம்பை அவன் பக்கம் நகர்த்தினாள்.

இப்போதும் அவளுக்கு அதே இரண்டு வார்டுதான். சிரட்டை ஏதாவது நிமிர்ந்திருந்தால் முதலில் கவிழ்த்துவிடுகிறாள். படம் எடுக்க வேண்டும் என்பது பிறகுதான் நினைவுக்கு வருகிறது.