இறால் ஓடு சேராத தயிர்

திருமலைராயன்பட்டினத்தில் தயிர் விற்கும் அஜீசுன்னிசா, முருங்கைக்கீரைச் சாற்றைச் சத்துக்காகத் தயிரில் சேர்த்துப் பார்த்தார். கசப்பும் பச்சை வாடையும் யாருக்கும் பிடிக்கவில்லை. உணவுத் தயாரிப்புப் பயிற்சி வகுப்பு ஒன்றில் அதற்கு வழி சொன்னார்கள். கடற்பாசியிலிருந்து எடுத்த மாவைச் சாற்றில் கரைத்து, கால்சியம் கலந்த நீரில் சொட்டுச் சொட்டாக விட்டால், சாறு உள்ளேயே அடைபட்டுச் சிறு மணிகளாக உறைந்துவிடும்.

ஆனால் அப்படிச் செய்த மணிகளைத் தயிரில் கலந்தபோது, இரண்டாம் நாளே அவை கசிந்து தயிர் பச்சையாகிவிட்டது.

“இறால் ஓட்டுலேருந்து எடுக்குற பொடிய மேல பூசுங்க, கசியாது” என்றார் பயிற்சியாளர் சிவக்குமார்.

“எங்கிட்ட வாங்குறவங்கள்ல பாதிப்பேர் சைவம், சார்.”

“துளியூண்டுதானே. யாருக்குத் தெரியப்போவுது?”

“எனக்குத் தெரியுமே. வேற வழி பாக்குறேன்.”

அஜீசுன்னிசா சாற்றைச் சொட்டவிடும் ஊசியின் அளவை மாற்றினார்; மணிகளைக் கூடுதல் நேரம் ஊறவைத்தார். எதுவும் பலிக்கவில்லை. ஒரு மாதம் வீட்டார் பச்சைத் தயிரையே சாப்பிட்டு அலுத்துப்போனார்கள். விட்டுவிடலாமா என்று அவருக்கே ஒருநாள் தோன்றியது. மறுநாள் கலவையில் கொஞ்சம் அரிசிக் கஞ்சியைச் சேர்த்தார். மணிகள் கெட்டிப்பட்டன. ஐந்தாம் நாளும் தயிர் வெள்ளையாகவே இருந்தது.

முதல் கிண்ணத்தை, நெடுங்காட்டிலிருந்து வந்து தயிர் வாங்கும் ஆசிரியை நீலாயதாட்சியிடம் கொடுத்தார். அவர் மீன் தொடாதவர்.

“கசப்பே தெரியலையே. இதுல என்னென்ன போட்டிருக்கீங்க?”

அஜீசுன்னிசா ஒன்றுவிடாமல் சொன்னார். கேட்டுக்கொண்டே நீலாயதாட்சி கிண்ணத்தைக் காலி செய்தார்.

“நாளைக்கு நாலு கிண்ணம் எடுத்து வைங்க.”