கிணற்றடிப் புல்

படப்பை வீட்டில் மகள் தன் பூனையைச் சீப்பால் வாரிவிடுகிறாள். உதிர்ந்த மயிரை அது நக்கி விழுங்கினால் வயிற்றில் உருண்டையாகச் சேர்ந்துவிடுமாம். அதைக் கக்குவதற்குத்தான் புல் தின்னுமாம். ஜன்னலோரத் தொட்டியில் அதற்கென்றே புல் வளர்க்கிறாள்.

எழுபதுகளில் வடக்குப்பட்டில் எங்கள் நெல் மூட்டைகளுக்குக் காவலாக ஒரு வெள்ளைப் பூனை இருந்தது. கிணற்றடி அருகம்புல்லைத் தின்றுவிட்டு அடிக்கடி கக்கும்.

"புல்ல துன்னுதான் வாந்தி எடுக்குது. எல்லாத்தயும் புடுங்கி மாட்டுக்குப் போடு," என்றார் அப்பா.

ஒன்று விடாமல் பிடுங்கினேன். வாந்தி நின்றது, எனக்கு ஒரே பெருமை. பிறகு அது சோற்றையும் தொடவில்லை. கிணற்றடி மண்ணை முகர்ந்து முகர்ந்து அங்கேயே செத்துக் கிடந்தது.

"சின்ன வயசுல உன் வெள்ளப் பூனைக்கு யாரும்மா புல்லு வெச்சது?" என்கிறாள் மகள்.

"அதுவே தேடித் துன்னுக்கும்," என்கிறேன்.